பார்படோஸ், கிரெனடா, டொபேகோ, குவாதலூப்: ஒரு வார ஓய்வுக்கு எந்தத் தீவு, எந்தச் சாப்பாடு?

கரீபியக் கடற்கரைப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள் கடைசி வரை முடிவுக்கு வர மாட்டார்கள். எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதே நீலம், அதே மணல், அதே சாய்ந்த தென்னை. ஓட்டல் மதிப்பெண்களை நம்பிப் போனால் ஓட்டலைத்தான் பார்த்துவிட்டு வர முடியும். நான் வேறு கேள்விகளிலிருந்து தொடங்குவேன். அந்தத் தீவுக்காரர்கள் ‘எங்கள் சாப்பாடு’ என்று எதைச் சொல்கிறார்கள்? அது எந்தக் கிழமையில், எந்த இடத்தில், யார் கையால் சமைக்கப்படுகிறது? வெளியூர்க்காரருக்கு அது கிடைக்குமா? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால், அந்தத் தீவில் ஓய்வு எப்படி இருக்கும் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஒரு வார விடுமுறை, நீந்துவதற்கேற்ற அமைதியான கடல், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் துரத்தாத பகல்கள், ஊர்ச் சாப்பாடு ஒன்றை அதன் இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிடும் வாய்ப்பு. இவ்வளவுதான் தேவை என்று வைத்துக்கொண்டால் பார்படோஸ், கிரெனடா, டொபேகோ, குவாதலூப் என்ற நான்கு தீவுகளை நிறுத்துப் பார்க்கலாம். ஜமைக்காவை நான் சேர்க்காததற்குக் காரணம் அதன் சாப்பாடு அல்ல. அக்கியும் உப்பு மீனும் கலந்த அந்தக் காலை உணவு அருமையானது. அக்கிப் பழம் மரத்திலேயே பழுத்துத் தானாக வெடிக்க வேண்டும். அதற்கு முன் பறித்தால் அதிலுள்ள ஹைப்போகிளைசின் என்ற நச்சு ஆளையே கொன்றுவிடக்கூடும். அந்தப் பயத்தில்தான் அமெரிக்கா 1973 முதல் 2000 வரை அதன் இறக்குமதியைத் தடுத்து வைத்திருந்தது. ஆனால் ஜமைக்கா ஏறக்குறைய 11,000 சதுர கிலோமீட்டர் கொண்ட பெரிய நாடு. ஒரு வாரத்தில் பாதி சாலையில் போய்விடும், அல்லது மதில் சூழ்ந்த உல்லாச விடுதிக்குள்ளேயே கழிந்துவிடும். அதற்குப் பத்து, பதினைந்து நாட்களாவது ஒதுக்க வேண்டும்.

பயண விவரங்களை முதலில் முடித்துக்கொள்வோம். சென்னையிலிருந்து இந்தத் தீவுகள் எதற்கும் நேர் விமானம் கிடையாது. லண்டன், பாரிஸ், டொராண்டோ போன்ற ஊர்களில் மாற வேண்டும். டொராண்டோவில் வாழும் நம்மவர்களுக்குப் பார்படோஸ் சுமார் ஐந்து மணி நேரத் தொலைவுதான். லண்டனிலிருந்து ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். பார்படோஸ், கிரெனடா, டொபேகோவை உள்ளடக்கிய டிரினிடாட் ஆகிய மூன்று நாடுகளும் இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா வருபவர்களை முன்கூட்டிய விசா இல்லாமலே அனுமதிக்கின்றன. தொல்லை, நடுவில் விமானம் மாறும் நாட்டின் ட்ரான்சிட் விசாவில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்கக் கூடாது. குவாதலூப் கதை தனி. அது பிரான்ஸின் ஒரு மாவட்டம், ஆனாலும் ஷெங்கன் வட்டாரத்துக்குள் வராது. கையில் இருக்கும் சாதாரண ஷெங்கன் விசாவை நம்பிப் போனால் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கடல் கடந்த பிரெஞ்சு மாவட்டங்களுக்குச் செல்லும் என்று குறிப்பிட்ட விசா வேண்டும். பிரெஞ்சு, பிரிட்டிஷ், கனடியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

டிசம்பர் முதல் மே வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்று கணக்கு. இந்த நான்கில் தெற்கே இருக்கும் கிரெனடாவும் டொபேகோவும் புயல்களின் வழக்கமான பாதைக்குக் கீழே இருப்பவை என்று சொல்லப்படுவது பொதுவாக உண்மைதான். ஆனாலும் 2004 செப்டம்பரில் ஐவன் புயல் கிரெனடாவைப் புரட்டிப் போட்டது. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவைச் சேர்ந்த கரியக்கூ தீவைச் சிதைத்தது. எனவே ஆகஸ்ட், செப்டம்பரில் மலிவாகக் கிடைக்கும் அறை உண்மையில் மலிவா என்று யோசித்துக்கொள்ளுங்கள். வெயிலைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். பார்படோஸ் தலைநகர் பிரிட்ஜ்டவுன் ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையிலும், கிரெனடாவின் செயின்ட் ஜார்ஜஸ் புதுச்சேரியின் அட்சரேகையிலும் இருக்கின்றன. நமக்குப் பழகிய வெயில்தான், கூடவே கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்று.

முதல் முறை போகிறவர்களுக்கு: பார்படோஸ்

வயதான பெற்றோரும் சின்னப் பிள்ளைகளும் கூட வருகிறார்கள் என்றால் பார்படோஸை விட எளிதான தீவு இல்லை. 430 சதுர கிலோமீட்டர் பரப்பு, பெரும்பாலும் சமதளம், ஆங்கிலம், நல்ல மருத்துவமனை, ஓடிக்கொண்டே இருக்கும் பஸ்கள். அரசுப் பஸ் நீலம், தனியார் சிற்றுந்து மஞ்சள், காதைப் பிளக்கும் பாட்டோடு பறக்கும் வேன் வெள்ளை. எதில் ஏறினாலும் ஒரே கட்டணம். அமெரிக்க டாலர் ஒன்றுக்கு இரண்டு பார்படோஸ் டாலர் என்பது 1975 முதல் மாறாத மதிப்பு என்பதால் கணக்குப் போடுவதும் சுலபம். மேற்குக் கரையில் கடல் குளம் கட்டியதுபோல் அசையாமல் கிடக்கும். வாடகையும் அங்கேதான் அதிகம். தெற்குக் கரையில் அலை கொஞ்சம் உண்டு, விலை கொஞ்சம் குறைவு. கிழக்கே பாத்ஷிபாவில் அட்லாண்டிக் பெருங்கடல் பாறைகளில் மோதிச் சிதறுவதைப் பார்த்துவிட்டு வரலாம், இறங்கக் கூடாது. கடற்கரைகள் அனைத்தும் பொதுச் சொத்து. எவ்வளவு பெரிய விடுதிக்கு முன்னாலும் துண்டை விரித்துப் படுக்கலாம்.

பார்படோஸின் தேசிய உணவு கூ-கூவும் பறவைக்கோலாவும். நம் சோழமண்டலக் கரை மீனவர்கள் பறவைக்கோலா என்று அழைக்கும் மீனின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அங்கேயும். நீரை விட்டெழும்பித் துடுப்புகளை விரித்து அலைக்கு மேலே சறுக்கிப் போகும். பார்படோஸின் ஒரு டாலர் நாணயத்திலும் அதன் உருவம்தான். இந்த மீனுக்காக அண்டை நாடான டிரினிடாட் அண்ட் டொபேகோவோடு அவர்களுக்குச் சண்டையே உண்டு. 2006இல் சர்வதேச நடுவர் மன்றம் கடல் எல்லையை வகுத்துக் கொடுத்தது. ஆனால் டொபேகோ பக்கத்து நீரில் மீன்பிடிக்கும் உரிமையைப் பார்படோஸுக்கு எழுதித் தரவில்லை, பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. 2011 முதல் சர்காசம் பாசி பெருங்கூட்டமாக வந்து ஒதுங்கத் தொடங்கிய பிறகு மீன் வரத்தும் முன்போல் இல்லை. டிசம்பர் முதல் ஜூன் வரை பருவம். மற்ற மாதங்களில் உறைய வைத்த மீனைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

கூ-கூ செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வெண்டைக்காயை வட்டவட்டமாக நறுக்கி உப்புத் தண்ணீரில் வேக வைத்து, அந்த வழவழப்பான நீரை வடித்துத் தனியே எடுத்துக்கொள்கிறார்கள். சோள மாவு அதற்கு முன்பே குளிர்ந்த நீரில் ஊறியிருக்கும். மாவை அடுப்பிலேற்றி, வெண்டைக்காய் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றியபடி, தட்டையான மரத்துடுப்பால் விடாமல் கிண்ட வேண்டும். கேழ்வரகுக் களி கிண்டிப் பழகிய கைக்கு இது புதிய வேலை அல்ல. அதே தோள்வலி, கட்டி தட்டிவிடக் கூடாதே என்ற அதே பதற்றம். துடுப்பைத் தூக்கினால் மாவு ஒட்டாமல் வழுகி விழும் பதத்தில் வெந்த வெண்டைக்காயைக் கலந்து, வெண்ணெய் தடவிய கிண்ணத்தில் அமுக்கி, தட்டில் கவிழ்க்கிறார்கள். நடுவில் ஒரு குழி. முள் நீக்கி, எலுமிச்சை, தைம், மிளகாய் தடவிச் சுருட்டிய மீன் துண்டுகளைத் தக்காளி வெங்காயக் குழம்பில் ஆவியில் வேக வைத்து அந்தக் குழியில் ஊற்றுகிறார்கள். கூ-கூவுக்குத் தனியாகச் சுவை என்று பெரிதாக எதுவும் இல்லை. குழம்பைத் தாங்குவதற்காகவே பிறந்த பண்டம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைப்பழக்கம் சோளத்தில் இறங்கிய வடிவம்.

வீடுகளில் இதற்கு வெள்ளிக்கிழமைதான் மரபு. இங்கேதான் பயணிகள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு ஆயிஸ்டின்ஸ் மீன் சந்தைக்குப் போகச் சொல்லி எல்லாரும் அனுப்பி வைப்பார்கள். அங்கே பாட்டும் கூட்டமும் புகையுமாக வாட்டிய மார்லினும் மாஹி மாஹியும் மக்ரோனி பையும் கிடைக்கும். மாஹி மாஹியை அங்கே டால்பின் என்று எழுதி வைத்திருப்பார்கள், மிரள வேண்டாம், அது மீன்தான். நல்ல இரவு, நல்ல மீன். ஆனால் அது கூ-கூவைத் தேடிப் போகும் இடமல்ல. கூ-கூ வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை மதியம், அலுவலகம் போகிறவர்கள் பொட்டலம் வாங்கும் சாப்பாட்டுக் கடைகளின் வரிசையில் நிற்க வேண்டும். பிரிட்ஜ்டவுனில் அப்படிப்பட்ட கடைகளுக்குப் பஞ்சமில்லை. மற்ற நாட்களில் பெரிய உணவகங்களிலும் கிடைக்கும், சின்னதாக, அழகாக, மூன்று மடங்கு விலையில்.

ஆக, பார்படோஸில் ஓய்வும் சாப்பாடும் இரண்டும் சிரமமில்லாமல் கிடைக்கின்றன. குறை என்று சொன்னால் செலவு. தின்பதில் பெரும்பகுதி கப்பலில் வந்து இறங்குவதால் கடையில் ஒரு பழச்சாறு வாங்கும்போதே அது தெரிந்துவிடும். இன்னொன்று, எல்லாம் இவ்வளவு ஒழுங்காக ஓடும் தீவில் ஊர்க்காரர்களோடு பேச வேண்டிய தேவையே வராமல் ஒரு வாரம் ஓடிவிடுகிறது.

என் ஓட்டு: கிரெனடா

கிரெனடாவின் சாப்பாடு அப்படி விட்டுவிடாது. ஆயில் டவுன் என்று பெயர். தினப்படி மெனுவில் அதை வைக்கும் கடைகள் குறைவு. வைத்திருக்கும் கடைகளிலும் குறிப்பிட்ட ஒரு கிழமையில்தான் பானை ஏறும். அது கூடிச் சமைக்கும் சாப்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமையோ, ஊர்வலமோ, பிப்ரவரி 7 சுதந்திர தினமோ வந்தால் முற்றத்திலோ கடற்கரையிலோ மூன்று கல்லை வைத்து, விறகை மூட்டிப் பானையை ஏற்றுவார்கள். இரண்டு பேருக்காக யாரும் ஆயில் டவுன் செய்வதில்லை.

பானை அடுக்குவதே ஒரு வித்தை. முதல் நாளே ஊறப்போட்டு உப்பு இறக்கிய பன்றி வாலும் மாட்டிறைச்சியும் அல்லது கோழியும் அடியில். அதன் மேல் முற்றிய, ஆனால் பழுக்காத சீமைப்பலாவைப் பெரிய துண்டங்களாக நெருக்கி அடுக்குகிறார்கள். இடுக்குகளில் பச்சை வாழைக்காய், கேரட். வெங்காயத்தாள், தைம், காரம் குறைந்த வாசனை மிளகாய் ஆகியவை இடையிடையே. உள்ளங்கையில் உருட்டி விரல் நீளத்துக்கு இழுத்த மாவுக் கொழுக்கட்டைகள் மேல்வரிசையில். சேம்பு இலைகளைச் சுருட்டிப் பானையின் வாயை மூடுகிறார்கள். கடைசியில் மஞ்சள் கரைத்த தேங்காய்ப் பால், அடுக்கு முழுகும் அளவுக்கு. பிறகு யாரும் கரண்டி போடக் கூடாது, கிளறினால் அடுக்கு உடைந்து கூழாகிவிடும். பால் கொதித்து, வற்றி, எண்ணெய் பிரிந்து அடியில் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை டொமினோ, அரட்டை, ரம், கடல் என்று பொழுது போகும். சத்தம் மாறுவதை வைத்தே பதம் சொல்லிவிடுவார்கள். களகளவென்று கொதித்தது சடசடவென்று பொரியத் தொடங்கினால் இறக்கலாம். சீமைப்பலா அந்த எண்ணெயைக் குடித்து மஞ்சளாக, வெண்ணெய்போல் மெதுவாகியிருக்கும். அடியில் பிடித்த தீய்ந்த பகுதிக்கு ‘பன் பன்’ என்று தனிப் பெயர், அதற்குத் தனிப் போட்டி.

அந்தப் பானைக்குள் வரலாறும் கிடக்கிறது. கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு மலிவாகப் போடுவதற்காகவே சீமைப்பலாவைத் தாஹிட்டியிலிருந்து கொண்டுவந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படையின் கேப்டன் பிளையின் முதல் முயற்சி 1789இல் பவுண்ட்டி கப்பல் கலகத்தில் முடிந்தது. இரண்டாவது முயற்சியில், 1793இல், செயின்ட் வின்சென்டிலும் ஜமைக்காவிலும் கன்றுகள் வந்து இறங்கின. உப்பிட்ட இறைச்சியும் மீனும் வட அமெரிக்காவிலிருந்து வந்த ரேஷன். தோட்டக்காரர்கள் வயிற்றை நிரப்பக் கொடுத்தவற்றைச் சேர்த்துத்தான் இந்தச் சாப்பாட்டை உண்டாக்கியிருக்கிறார்கள். 1857 மே மாதம் மெய்ட்ஸ்டோன் கப்பலில் இந்தியக் கூலிகளும் கிரெனடாவில் வந்து இறங்கினார்கள். இன்று சந்தையில் ‘சாஃப்ரன்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது நம் மஞ்சளைத்தான்.

இனி ஓய்வு. கரியக்கூவையும் சேர்த்து நாடே 344 சதுர கிலோமீட்டர்தான். தலைநகருக்குச் சற்றுத் தெற்கே மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து கிடக்கும் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரை அமைதியானது. காலையில் பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் நீந்திவிட்டுப் போவார்கள். ஒன்றாம் எண் சிற்றுந்து அங்கிருந்து செயின்ட் ஜார்ஜஸுக்குப் போகும். இறங்க வேண்டிய இடம் வந்தால் வண்டியின் உடம்பில் தட்டினால் போதும். சோம்பல் கலைந்தால் மொலினியர் விரிகுடாவில் கடலுக்கடியில் 2006இல் நிறுவிய சிற்பத் தோட்டம் இருக்கிறது. மலை ஏறினால் கிராண்ட் எட்டாங் எரிமலை ஏரி. மேற்குக் கரையில் கூயாவ் ஊரில் சாதிக்காய் பதப்படுத்தும் நிலையம். அங்கே மரச்சட்டங்களில் காயும் கொட்டைகளின் வாசனை தெருவரை வரும். தேசியக் கொடியிலேயே சாதிக்காய் வைத்திருக்கும் நாடு. ஐவன் புயல் அந்த மரங்களில் பெரும்பாலானவற்றை ஒரே இரவில் சாய்த்துவிட்டது. சாதிக்காய்க் கன்று காய்க்க ஏழெட்டு ஆண்டாகும் என்பதால், பலர் கோகோவுக்கு மாறினார்கள். இன்று கிரெனடா சாக்லேட்டுக்குக் கிடைத்திருக்கும் பெயரில் அந்த மாற்றத்துக்கும் பங்கு உண்டு.

குறைகள் இல்லாமல் இல்லை. விமானங்கள் குறைவு. சாலைகள் மலையைச் சுற்றிச் சுற்றி வருபவை, வண்டியில் குமட்டல் வருபவர்கள் கவனிக்க வேண்டும். பார்படோஸில் இருக்கும் கடைத்தெரு வசதி இங்கே இல்லை. ஆனால் ஓய்வு என்பது என்ன? பானை ஏறிவிட்டது, இனி கரண்டி போடக் கூடாது, காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை என்ற நிலைதான். அதைக் கிரெனடாவில் யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

டொபேகோ, சுருக்கமாக

இதுவரை சொன்னதைப் படித்து ‘இவ்வளவு ஏற்பாடெல்லாம் எனக்கு வேண்டாம், மணலில் படுக்க வேண்டும், பசித்தால் எழுந்து நடந்து போய்ச் சாப்பிட வேண்டும்’ என்று தோன்றினால் டொபேகோவுக்குப் போங்கள். டிரினிடாட்டிலிருந்து சிறிய விமானத்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஸ்டோர் பே கடற்கரையை ஒட்டி ஒரு வரிசைச் சமையல்கூடங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் பெண்கள் நடத்துபவை. நண்டைத் தேங்காய்ப் பாலும் மசாலாவும் சேர்த்துக் குழம்பு வைத்து, தட்டையான மாவுக் கொழுக்கட்டைகளின் மேல் ஓடோடு ஊற்றித் தருவார்கள். முள்கரண்டி இங்கே உதவாது. முழங்கை வரை குழம்பு வழிய ஓட்டைக் கடித்து உடைத்துச் சாப்பிட்டுவிட்டு நேரே கடலில் இறங்கிக் கழுவிக்கொள்ளலாம். வேண்டும்போது கிடைக்கும், கிழமை பார்க்க வேண்டியதில்லை. சமைக்கும் இடத்துக்கும் கடலுக்கும் இடையே இருபதடி தூரம். இந்த நான்கில் மிக எளிதில் அடையக்கூடிய சாப்பாடு இதுதான்.

தீவின் முதுகெலும்பாக ஓடும் காட்டை 1776லேயே சட்டம் போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள். பறவை பார்ப்பவர்களுக்கு அது போதும். ஈஸ்டரை அடுத்த செவ்வாய்க்கிழமை புக்கூ கிராமத்தில் ஆட்டுப் பந்தயம் நடக்கும். 1925 முதல் நடப்பது, ஓட்டுபவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டுக்குப் பின்னாலேயே ஓட வேண்டும், சிரித்து மாளாது. போகும் வழியில் டிரினிடாட்டில் ஒரு காலைப் பொழுது கிடைத்தால் டபுள்ஸ் சாப்பிடாமல் வராதீர்கள். மெல்லிய பொரித்த இரண்டு அப்பங்களுக்கு நடுவே கொண்டைக்கடலை மசாலா, புளிச் சட்னி. 1845 முதல் அங்கே கொண்டுபோகப்பட்ட இந்தியத் தொழிலாளர்களின் வழியில் பிறந்த தெருச் சாப்பாடு. ஒன்றுதான், டிரினிடாட்டில் பாதுகாப்பு நிலவரம் அவ்வப்போது மோசமாகும். தலைநகரில் இரவில் சுற்றாமல் நேரே டொபேகோவுக்கு மாறிக்கொள்வது நல்லது.

நமக்கு என்று ஒரு தீவு இருக்கிறதா?

குவாதலூப்பைப் பற்றி எழுதும் தமிழர்கள் நெகிழ்ந்துவிடுவது வழக்கம். காரணம் இருக்கிறது. 1848இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடி, 1854 டிசம்பரில் தொடங்கி 1889 வரை சுமார் 42,000 இந்தியர்களைக் கொண்டுவந்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் கப்பலேறியவர்களில் தமிழர்கள் ஏராளம். இன்று அவர்கள் வழிவந்தவர்கள் பிரெஞ்சும், தீவின் கலப்பு மொழியான கிரியோலும் பேசுகிறார்கள். ராமசாமி, முத்துசாமி போன்ற பெயர்கள் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. கப்பெஸ்தேர் ஊர்க்காரரான ஆன்ரி சிதம்பரம் இவர்களின் ஓட்டுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடினார். அதே ஊர் எல்லையில் சாலையோரம் கோபுரத்தோடு ஒரு கோவில் நிற்கிறது. மாரியம்மன் மாலியேமினாக, மதுரை வீரன் மால்தெவிலினாக வழிபாட்டில் இருக்கிறார்கள். வேண்டுதல் நாளில் பலியிட்ட ஆட்டின் குழம்பை வாழை இலையில் பரிமாறுவார்கள்.

அந்தக் குழம்புதான் கொலொம்போ. கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம், மிளகு அரைத்த பொடி. எலுமிச்சையும் பூண்டும் தடவி ஊறிய இறைச்சியை வதக்கி, கத்திரிக்காய், உருளைக்கிழங்கு சேர்த்து, உடையாத ஒரு முழு மிளகாயை மேலே மிதக்கவிட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். அந்த மிளகாயைக் கரண்டியால் குத்திவிட்டால் வீட்டில் எல்லாரும் திட்டுவார்கள். இன்று இது இந்திய வம்சாவளியினரின் சாப்பாடு மட்டுமல்ல, தீவு முழுவதற்கும் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கொலொம்போவைப் பெரும்பாலான ஊர் உணவகங்களில் பார்க்கலாம். நமக்கு அது சப்பென்று இருக்கலாம். காரம் குறைவு, தைம் வாசனை தூக்கல். நம் வீட்டுக் குழம்போடு ஒப்பிட்டு மார்க் போடத் தொடங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கடல் கடந்துபோய் நூற்றெழுபது ஆண்டுகள் தனியாக வாழ்ந்த சமையல் அது, அதற்கு நம் ஒப்புதல் தேவையில்லை.

ஓய்வு என்ற தராசில் குவாதலூப் மற்ற மூன்றையும் விடச் சற்றுக் கீழேதான். தீவு வண்ணத்துப்பூச்சியின் இறக்கைகளாக இரண்டு துண்டு. கிழக்கே கிராந்த்-தேர், தட்டையான நிலம், நல்ல கடற்கரைகள். மேற்கே பாஸ்-தேர், மழைக்காடு, 1,467 மீட்டர் உயர சூப்ரியேர் எரிமலை. கடற்கரை ஒரு பக்கம், கோவிலும் அருவியும் மறுபக்கம் என்பதால் வாடகைக் கார் இல்லாமல் முடியாது. அதுவும் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாமல் போனால் கடைகளில் கை ஜாடைதான். செலவு யூரோவில். ஆனால் படகேறி லே சாந்த் தீவுகளுக்குப் போய் ஒரு பகலைக் கழிப்பதற்கு ஈடு மற்ற தீவுகளில் குறைவு. அங்கே படகுத்துறையிலேயே தேங்காய்ப் பூரணம் வைத்த சின்ன கேக்குகளைக் கூடையில் விற்பார்கள், வெதுவெதுப்பாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்கும் கேள்விக்கு இந்தத் தீவுகள் நினைப்பதை விட நல்ல பதில் வைத்திருக்கின்றன. டபுள்ஸ் முழுச் சைவம். கூ-கூவில் மாவும் வெண்டைக்காயும் வெண்ணெயும்தான், மீன் குழம்புக்குப் பதில் காய்க் கூட்டு கேட்கலாம். குவாதலூப்பில் காய்கறிக் கொலொம்போ உண்டு. கிரெனடாவில் ராஸ்தஃபாரி என்ற சமய வழியைப் பின்பற்றுபவர்கள் இறைச்சியும் உப்பும் இல்லாமல் ‘ஐடல்’ முறையில் ஆயில் டவுன் செய்வார்கள். சீமைப்பலா, சேம்பு இலை, தேங்காய்ப் பால் இருக்கும்போது இறைச்சி இல்லாதது ஒரு குறையாகவே தெரியாது. டொபேகோவில்தான் நண்டு இல்லையென்றால் கொஞ்சம் திண்டாட்டம், ஆனால் அங்கேயும் ரொட்டியும் கடலைக் கறியும் கிடைக்கும்.

எந்தத் தீவானாலும் சாப்பாடு, குடி எல்லாம் அடங்கிய விடுதித் திட்டத்தை எடுக்காதீர்கள். காசு கட்டியாயிற்றே என்ற எண்ணமே வெளியே போகவிடாது. சமையலறை உள்ள சிறு விருந்தினர் இல்லம் இதற்கு ஏற்றது. பெட்டி கட்டும்போது ராணுவப் பச்சைப் புள்ளிச் சட்டை இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பார்படோஸ், கிரெனடா, டிரினிடாட் மூன்றிலும் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம், குழந்தைகளுக்கும் விலக்கில்லை. கடற்கரையில் சிவப்புப் பட்டை அடித்த மரம் தெரிந்தால் அதன் கீழே மழைக்குக்கூட ஒதுங்கக் கூடாது. மான்சினீல் மரத்தின் பால் பட்ட இடம் கொப்பளித்துவிடும்.

குடும்பத்தோடு முதல் பயணம் என்றால் பார்படோஸ், ஜனவரி முதல் மே வரை, வெள்ளிக்கிழமை மதியத்தை மட்டும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். இருவராகப் போய் ஒன்றுமே செய்யாமல் கிடக்க டொபேகோ. பாரிஸிலோ அதன் அருகிலோ இருந்து, பிரெஞ்சும் கொஞ்சம் தெரிந்து, நம் ஆட்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்ற கேள்வி உள்ளே குடைந்துகொண்டிருப்பவர்களுக்குக் குவாதலூப், அதுவும் ஒரு வாரத்துக்குப் பதில் பத்து நாள். மற்ற எல்லாருக்கும் கிரெனடா. அங்கே போவதாக முடிவெடுத்தால் அறையைப் பதிவு செய்யும்போதே வீட்டுக்காரரிடம் ஆயில் டவுன் சாப்பிட ஆசை என்று எழுதிவிடுங்கள். பன்றி வால் வேண்டுமா, கோழி போதுமா, சைவமா என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது, இறைச்சியை முதல் நாளே ஊறப்போட வேண்டும். எத்தனை பேர் என்று கேட்டால் இரண்டு என்று மட்டும் சொல்லாதீர்கள், பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு செலவைப் பகிர்ந்துகொள்ளத் தயார் என்று சொல்லுங்கள். பானை அப்போதுதான் ஏறும்.